அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சமாதானம்னா என்னன்னு எப்படிச் சொல்றது?

கேள்வி: லாஸ்பேட்டை, புதுச்சேரி. ஆகஸ்ட் 3, 2025, மாலை

பையன் யு.கே.ஜி. படிக்கிறான். ஆறாம் தேதி ஹிரோஷிமா நாள், வெள்ளைச் சட்டை போட்டு, புறா படம் வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து வரைஞ்சோம். "இது எதுக்கு?"ன்னான். சமாதானத்துக்குன்னேன். சமாதானம்னா என்னன்னான். சண்டை போடாம இருக்கிறதுன்னேன். "அப்ப தூங்கும்போது நான் சமாதானமா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் வரலை. மே மாசம் டி.வி.யில இந்தியா-பாகிஸ்தான் போர்ச் செய்தி ஓடினப்ப அவன் வந்தா சேனலை மாத்துவோம், அதையும் கவனிச்சு வச்சிருக்கான். இந்த வயசுல இதெல்லாம் சொல்லலாமா? சொன்னா எப்படி? இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்னு விட்டுடலாமா?

ஆகஸ்ட் 3, இரவு 9.40

விட்டுடாதீங்க. கடலூர் பக்கம் கடலோரத்துல ஒரு தொடக்கப்பள்ளியில ஒண்ணாம் ரெண்டாம் வகுப்பு எடுக்கிறேன். உங்க பையன் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. சண்டை இல்லாத நேரமெல்லாம் சமாதானம்னா தூக்கமும் அதுதான், அடிக்குப் பயந்து மூலையில ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறதும் அதுதான். ரெண்டும் இல்லைன்னு அவனுக்கே தோணியிருக்கு.

விளக்கம் சொல்லி ஆரம்பிக்காதீங்க. நாளைக்குச் சாயங்காலம் தெருவுல பசங்க ஓடிப்பிடிச்சு விளையாடும்போது பாருங்க. ஒருத்தன் செருப்பு வார் அறுந்துடும், இல்ல கால்ல முள் ஏறிடும். "அம்பேல்!"னு கத்துவான். துரத்துறவன் அந்த இடத்துலயே நின்னுடுவான். கை நீட்டினா தொட்டுடலாம், ஆனா தொடமாட்டான். முள்ளைப் பிடுங்கிப் போட்டுட்டு "ம், வா"ன்னதும் மறுபடி ஓட்டம். நடுவர் யாரும் கிடையாது. மீறினவனை அடுத்த ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டாங்க, அவ்வளவுதான். நாடுகள் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கியும் நிக்காம போற போர்நிறுத்தம் இங்கே ஒரு சொல்லுல நிக்குது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

"நீ அம்பேல் சொன்னதும் அவன் ஏன் நின்னான்?"னு கேட்டுப் பாருங்க. அவன் சொல்ற பதிலை இங்கே எழுதுங்க.

ஆகஸ்ட் 4, மதிய இடைவேளை

காய் விடுறது, பழம் விடுறது பத்தி நேத்து எழுத விட்டுப்போச்சு. திருச்சி நண்பர் "எங்க ஊர்ல டூ விடுறது"ன்னு எழுதியிருக்கார், அதேதான். விரலைக் காட்டுற விதம் தெருவுக்குத் தெரு மாறும், விஷயம் ஒண்ணு.

இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டாம் வகுப்புல ஒருத்தி சிவப்பு கிரேயானை இரவல் குடுத்தா. வாங்கினவ அதை ரெண்டு துண்டா ஒடைச்சுத் திருப்பிக் குடுத்தா, மேல்காகிதமும் உரிஞ்சுபோச்சு. குடுத்தவ "காய்"னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு ஜன்னலோரம் போயிட்டா. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டிருந்தேன். ஒடைச்சவ கொஞ்ச நேரம் நகத்தைக் கடிச்சா. அப்புறம் நோட்டு அட்டையில ஒட்டுற பேர் லேபிள் ஒண்ணைப் பையிலிருந்து எடுத்தா. ரெண்டு துண்டையும் முனையோட முனை சேர்த்து, நாக்கால லேபிளை நனைச்சு, சுத்தி ஒட்டினா. ஒட்டு சரியா நிக்கலை. மறுபடி பிரிச்சு, மறுபடி சுத்தினா. போய் ஜன்னலோரம் வச்சுட்டு ஒண்ணும் பேசாம திரும்பிட்டா. குடுத்தவ எடுத்துப் பார்த்தா, உள்ளங்கையில ஒரு கோடு போட்டுப் பார்த்தா. நடுவுல லேசா ஆடுச்சு, ஆனா எழுதுச்சு. மத்தியானம் சத்துணவு வரிசையில ரெண்டு விரலும் நீண்டுடுச்சு, பழம்.

மன்னிப்புங்கிற பேச்சே அங்க வரலை. கெட்டுப்போனதைச் சரிபண்ணி ஒருத்தி கொண்டு வந்து வச்சா, இன்னொருத்தி அதைச் சோதிச்சுப் பார்த்தா, அதுக்கப்புறம்தான் விரல். சண்டை போடாதேன்னு நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்றோம். சண்டைக்கு அப்புறம் சரிபண்றதுக்கு நேரம் குடுக்கிறோமா? இந்த இழையில நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதோட கிளைங்க.

ஆகஸ்ட் 4, இரவு

"சாரி சொல்லு, கை குடுன்னு சொல்லிப் பழக்கினா என்ன தப்பு?"ன்னு ஒருத்தர்.

அப்படிச் சொல்றப்ப நாம அந்தச் சண்டையை முடிக்கிறது நம்ம வசதிக்கு. பாடம் போகணும், மணி அடிக்கணும். கை குடுத்துட்டுப் போறான், மணி அடிச்சதும் வெளியில போய்க் கிள்ளுறான். இப்ப நான் ரெண்டு கேள்வி மட்டும் கேக்கிறேன். "என்ன ஆச்சு?" "இப்ப என்ன பண்ணினா சரியாகும்?" ரெண்டாவது கேள்விக்கு ஆறு வயசுப் பிள்ளைங்க சொல்ற பதில் பெரியவங்க தீர்ப்பைவிட நல்லா இருக்கும். ஒருத்தன் சொன்னான்: "அவன் என்னை ஒரு தடவை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடணும்." தூக்கிக்கிட்டு ஓடினான். ரெண்டு பேரும் மண்ணுல விழுந்து சிரிச்சாங்க.

இன்னொண்ணும் சேர்த்துக்கங்க. ரத்தம் வந்தாலோ, ஒரு பிள்ளை பயந்து நடுங்கினாலோ, பலம் ஒரு பக்கமே இருந்தாலோ பெரியவங்க உடனே உள்ளே போகணும். அங்கே பழம் விடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தினமும் அடி வாங்குற பிள்ளைக்கு முதல்ல வேண்டியது பாதுகாப்பு. நட்பு அப்புறம் வரலாம், வராமலும் போகலாம்.

ஆகஸ்ட் 5

ஹிரோஷிமா பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க.

ஒண்ணாம் வகுப்புக்கு நான் குண்டைப் பத்தி விரிவாப் பேசுறதில்லை. 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, எத்தனை பேர் இறந்தாங்க, உடம்பு என்ன ஆச்சு, இதெல்லாம் நாலாம் அஞ்சாம் வகுப்புல போதும். தீக்காயப் படத்தைச் சின்னப் பிள்ளைக்குக் காட்டினா அன்னைக்கு ராத்திரி அது தூங்காது. பயந்துபோன பிள்ளைக்கு அந்தப் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

சின்னவங்களுக்குச் சதாகோ சசாகியைச் சொல்லுவேன். குண்டு விழுந்தப்ப ரெண்டு வயசு. நல்லா ஓடுற பொண்ணா வளர்ந்தா. 1955-ல ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஆயிரம் காகிதக் கொக்கு மடிச்சா நினைச்சது நடக்கும்னு அவங்க ஊர் நம்பிக்கை. மருந்து சுத்தி வந்த காகிதத்தைக்கூட விடாம மடிச்சா. அந்த வருஷம் அக்டோபர் 25-ல இறந்துட்டா, வயசு 12. பள்ளித் தோழர்கள் ஊர் ஊராக் கடிதம் எழுதிக் காசு சேர்த்து, 1958 மே 5-ல ஹிரோஷிமாவுல குழந்தைகளுக்கான நினைவுச் சின்னம் திறந்தாங்க. நான் அழுத்திச் சொல்றது கடைசிப் பகுதியை. பிள்ளைங்க சேர்ந்து பண்ணின வேலை அது.

மேலே ஒருத்தர் "644 கொக்கோட நின்னுபோச்சு"ன்னு எழுதியிருக்கார். அது ஒரு கதைப் புத்தகம் வழியாப் பரவின செய்தி. ஆயிரத்தையும் தாண்டி மடிச்சான்னுதான் அவ குடும்பத்தார் சொல்றாங்க. நீங்க சொல்ற கதையில இதைத் திருத்திக்கங்க. நம்பி மடிச்சா, முடிச்சா, ஆனாலும் பிழைக்கலைங்கிறதைப் பிள்ளைங்க தாங்கிக்குவாங்க. பொய்யான ஆறுதலைத்தான் சீக்கிரம் கண்டுபிடிச்சுடுவாங்க.

ஆகஸ்ட் 6, மாலை

இன்னைக்குக் கொக்கு மடிச்சோம். பழைய நாள்காட்டித் தாள்தான். பாதிப் பேருக்கு றெக்கை வரலை, ராக்கெட் மாதிரி ஆச்சு. "டீச்சர், குண்டு போட்டவங்க அப்புறம் என்ன ஆனாங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. அமெரிக்கா, ஜப்பான் ரெண்டு நாடும் இப்ப நட்பா இருக்காங்கன்னேன். "பழம் விட்டாங்களா? யார் முதல்ல?"

இதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. நீங்களே சொல்லுங்கன்னு வகுப்பைக் கேட்டேன். அடிச்சவங்கதான் முதல்ல வரணும்னு பெரும்பாலானவங்க. ஒருத்தன் மட்டும், "அடிச்சவனுக்கு வெக்கமா இருக்கும், நாமளே போயிடலாம்"னான்.

ஆகஸ்ட் 8

லாஸ்பேட்டை அம்மா எழுதியிருக்காங்க. அம்பேல் கேள்விக்குப் பையன் சொன்ன பதில்: "நாளைக்கு எனக்கு முள் குத்தும்ல." வேற என்னங்க வேணும்.

இதைத் தொட்டே நியாயம் பத்திக் கொஞ்சம். சின்னப் பிள்ளைங்க சண்டை முக்காலும் பங்கு பத்தினது. ஒரு கடலை மிட்டாய், ரெண்டு பேர். நான் பிச்சுக் குடுத்தா எந்தப் பக்கம் பெருசுன்னு அளப்பாங்க. அதனால ஒருத்தர் உடைக்கணும், மத்தவர் முதல்ல எடுக்கணும். உடைக்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்க, தட்டான் தங்கத்தை நிறுக்கிற கவனம் இருக்கும். நுனி நாக்கு வெளியில வந்துடும். யார் உடைக்கிறதுன்னு தகராறு வந்தா அதுக்குச் சாட் பூட் த்ரீ இருக்கு. ஒரு வார்த்தை போதனை பண்ணாம ஒரு சட்டமன்றமே நடந்து முடிஞ்சுடும்.

பசியையும் சொல்லணும். முன்னெல்லாம் பதினோரு மணிக்கு வகுப்புல கட்டாயம் ஒரு அடிதடி இருக்கும். வீட்டுல விடியற்காலையே மீன் ஏலத்துக்குப் போற அம்மாக்கள், பிள்ளை வெறும் வயித்தோட வரும். 2023 ஆகஸ்ட் 25-லருந்து அரசுத் தொடக்கப்பள்ளி எல்லாத்துக்கும் காலை உணவு வந்துச்சு. பொங்கலோ கிச்சடியோ சூடா உள்ளே போனதுக்கப்புறம் அந்தப் பதினோரு மணிச் சண்டை பாதியாச்சு. என் வகுப்புல நான் கண்ணால பார்த்தது. எங்க மாவட்டத்துல வடலூர்ல வள்ளலார் 1867-ல தருமச்சாலை தொடங்கினார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது, வர்றவங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டே இருக்காங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா ஜோதி தரிசனத்தோட அந்த அடுப்பையும் காட்டுங்க. அங்க பந்தியில பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு யாரும் கேக்கிறதில்லை.

ஆகஸ்ட் 10

முதலியார்பேட்டை ஐயா கோபமா எழுதியிருக்கார். சுருக்கம் இது: பிள்ளைகளுக்குச் சமாதானம், சமாதானம்னு ஊட்டி வளர்த்தா, பின்னால கூலியைக் கேக்கவும் குரல் வராது. 1936 ஜூலை 30-ல புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க. அவங்க சும்மா இருந்திருந்தா எட்டு மணி நேர வேலை வந்திருக்குமா?

ஐயா, கோபம் நியாயம். நான் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒரே பக்கம். அந்தத் தொழிலாளர்கள் கேட்டது நேரமும் கூலியும் மரியாதையும். சுட்டது மறுபக்கம். சும்மா இருந்திருந்தா மில்லுல சத்தம் இருந்திருக்காது, சமாதானமும் இருந்திருக்காது.

வகுப்புலயும் இதுதான். நான் பிள்ளைகளுக்குச் சொல்றது, "எனக்கு இது பிடிக்கலை"ன்னு சத்தமாச் சொல்லணும். பொண்ணுங்களைத் தனியாக் கூப்பிட்டு இதைப் பழக்க வேண்டியிருக்கு. "விட்டுக்குடுத்துப் போ"ன்னு வீட்டுல அவங்களுக்குத்தான் அதிகம் சொல்றாங்க. கிரேயான் குடுத்தவ "காய்"னு சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா, ஒடைச்சவளுக்குச் சரிபண்ணணும்னே தோணியிருக்காது. காய் விடுறதும் வேணும்.

ஆகஸ்ட் 16

லாஸ்பேட்டை அம்மா, புதுச்சேரியில எங்கே கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு கேட்டிருந்தீங்க. இன்னைக்குக் கேட்டதுக்குக் காரணம் எனக்குத் தெரியும், உங்க ஊர்ல இன்னைக்கு லீவு. சட்டப்படி முழுசா இந்தியாவோட சேர்ந்த நாள், 1962 ஆகஸ்ட் 16.

கடற்கரைச் சாலையில காந்தி சிலை இருக்கு. அங்கிருந்து நடக்கிற தூரத்துல பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போர்ல பிரான்சுக்காகப் போய்ச் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ல எழுப்பினது. ஜூலை 14-ல விளக்குப் போடுவாங்க. ரெண்டையும் ஒரே நடையில காட்டிடுங்க. "இவங்க ஏன் அவ்வளவு தூரம் போனாங்க?"ன்னு கேப்பான். தெரிஞ்சதைச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கீழூருக்குப் போயிட்டு வாங்க. 1954 அக்டோபர் 18-ல மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னு, 8 பேர் வேண்டாம்னு. நவம்பர் 1-ல ஆட்சி கைமாறுச்சு. இதே புதுச்சேரியை 1761-ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. ஒரு ஊர் கைமாற ரெண்டு வழியையும் புதுச்சேரி பார்த்திருக்கு. அஞ்சு வயசுக்கு இது அதிகம்தான், எட்டு வயசுக்கு வச்சுக்கங்க. ஆனா அந்த 8 பேரை மறக்காம சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னவங்களும் அதே ஊர்லதான் அப்புறமும் வாழ்ந்தாங்க.

ஆகஸ்ட் 23

போன பதிவுக்கு நெல்லிக்குப்பத்துக்காரர், "புதுச்சேரிக்குச் சொல்லிட்டீங்க, கடலூருக்கு?"ன்னு கேட்டுட்டார். கடலூருக்கு இருக்கிற கதை மாதிரி வேற எந்த ஊருக்கும் இருக்குமான்னு தெரியலை. பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தேவனாம்பட்டினத்துல புனித டேவிட் கோட்டையின் மிச்சத்துக்குப் பக்கத்துல உட்கார வச்சுச் சொன்னது.

1690-ல இங்கிலீஷ்காரங்க இந்தக் கோட்டையை மராத்தியர்கிட்டேருந்து வாங்கினாங்க. சுத்தியிருக்கிற நிலம் எவ்வளவுன்னு முடிவுபண்ண, கோட்டையிலிருந்து பீரங்கியால சுடுறது, குண்டு போய் விழுற வரைக்கும் அவங்களுக்குன்னு பேச்சு. அந்த வட்டத்துக்குள்ள வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்னைக்கும் அந்தப் பேர்லயே இருக்கு. அந்த ஊர்லேருந்து வர்ற பையன் ஒருத்தன் எழுந்து நின்னுட்டான். "குண்டு விழுந்தப்ப அங்க யாராவது மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா?" அங்க இருந்தவங்களைக் கேட்டாங்களான்னு அடுத்தவ. பேரத்துல அவங்க யாரும் இல்லைன்னேன்.

இனிமேதான் கதை. 1783-ல கடலூரைப் பிரெஞ்சுக்காரங்க வச்சிருந்தாங்க, இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டாங்க. ஜூன் 13-ல தரையில பெரிய சண்டை, ரெண்டு பக்கமும் ஏராளமான பேர் செத்தாங்க. ஜூன் 20-ல கடல்ல கப்பல் சண்டை, பிரெஞ்சுப் பக்கம் தளபதி சுஃப்ரான், இங்கிலீஷ் பக்கம் ஹியூஸ். 25-ல மறுபடி தரையில. மாசக் கடைசியிலதான் சேதி வந்துச்சு. ஐரோப்பாவுல ரெண்டு நாடும் ஜனவரி 20-லயே சமாதான உடன்படிக்கைக்கு முதல் கையெழுத்துப் போட்டாச்சு! அந்தச் சேதி இங்க வந்து சேர அவ்வளவு மாசம். கடைசியில கடலூரும் இங்கிலீஷ்காரங்ககிட்டயே திரும்பிப்போச்சு.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. "அப்ப செத்தவங்க சும்மா செத்தாங்களா?"ன்னு அஞ்சாம் வகுப்புப் பொண்ணு. இன்னொருத்தன் தீவிரமா யோசிச்சுட்டு, "போன் இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்க"ன்னான். போன் இருக்கிற காலத்துலயும் சண்டை நடக்குதேன்னு நான் சொல்லலை. அவங்களே சொன்னாங்க. மே மாசம் பார்த்ததை ஞாபகம் வச்சிருந்தாங்க. இந்தத் தடவை மே 10-ல நிறுத்தம்னு அன்னைக்கே டி.வி.யில வந்துடுச்சே, அதுவரைக்கும் எல்லைப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க எங்கே படுத்திருப்பாங்கன்னு பேச்சு அங்கே போச்சு.

ஆகஸ்ட் 31

மரியா மாண்டிசோரி முறையில "சமாதான மேசை"ன்னு ஒண்ணு இருக்காமே, அது நம்ம அரசுப் பள்ளிக்கு ஒத்துவருமான்னு ஒரு கேள்வி.

வரும். சண்டை போட்ட ரெண்டு பேர் போய் உட்கார ஒரு தனி இடம், கையில ஒரு பொருள். அதை வச்சிருக்கிறவர் பேசணும், மத்தவர் கேக்கணும். எங்ககிட்ட மேசை கிடையாது, வேப்பமரத்தடித் திண்ணை. பொருளுக்கு ஒரு பெரிய சங்கு, பிள்ளைங்க கொண்டு வந்தது. பேசினதும் காதுல வச்சு ஒரு தடவை கேட்டுட்டுத்தான் அடுத்தவருக்குக் குடுப்பாங்க. அந்த இடைவெளியிலயே பாதிக் கோபம் இறங்கிடும்.

இது வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்காதீங்க. அந்த அம்மா 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. உலகப் போர்ல இத்தாலி இங்கிலாந்துக்கு எதிரா இறங்குச்சு, அவங்க இத்தாலிக்காரங்க, மகனை இங்கிலீஷ் அரசு காவல்ல வச்சுடுச்சு. 1940-ல அவங்களோட 70-வது பிறந்தநாளுக்குத்தான் மகனை விட்டாங்க. அந்தப் பிறந்தநாள் இதே ஆகஸ்ட் 31. அப்புறம் கொடைக்கானல்ல இருந்தாங்க. போருக்கு நடுவுல, தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு, பிள்ளைகள்கிட்டேருந்துதான் தொடங்கணும்னு விடாம சொன்னவங்க.

செப்டம்பர் 7

சங்குப் பதிவுக்கு ஒரு தம்பி எழுதியிருக்கார்: "வகுப்புச் சண்டை சரி டீச்சர், ஊர்ச் சண்டைக்கு என்ன பண்ணுவீங்க?"

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கடலோரப் பள்ளியில இதைத் தவிர்க்க முடியாது. 2021 ஆகஸ்ட்ல வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களுக்கு நடுவுல சுருக்குமடி வலையால மோதல், போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கலைச்சது எல்லாருக்கும் தெரியும். எங்க பக்கமும் அதே வலை, அதே பகை. ஒரே வகுப்புல ரெண்டு ஊர்ப் பிள்ளைங்க. பெரியவங்க முறைச்சுக்கிட்ட மறுநாள் பெஞ்சு தானாப் பிரிஞ்சிருக்கும். பழம் விடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவங்க அப்பாக்கள் சண்டை அவங்க கையில இல்லை.

அன்னைக்குப் பாடத்தை ஓரம் வச்சுட்டு வலையைப் பத்திச் சொல்லுங்கன்னேன். பிள்ளைங்க எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கூட்டமா வர்ற மீனைச் சுத்தி வளைச்சு, அடியில கயித்தை இழுத்துச் சுருக்கிடுவாங்க. குஞ்சும் பொரியும் சேர்ந்து மாட்டும், சின்னப் படகுக்காரனுக்கு மீன் கிடைக்காது. இது ஒரு பக்கம். அந்த வலைக்கும் படகுக்கும் லட்சக்கணக்குல கடன் வாங்கியாச்சு, இப்ப தடைன்னா எங்கே போறதுங்கிறது இன்னொரு பக்கம். சங்கு கை மாறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா ஒருத்தன், ஏழு வயசு இருக்கும், "டீச்சர், ரெண்டு வீட்டுலயும் கடன் இருக்கு"ன்னான்.

அதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்க்கலை. ஊர்ச் சண்டையை ஒரு வகுப்பறை தீர்க்காது. மீனவ ஊர்களோட நாட்டார் பஞ்சாயத்தும் மீன்வளத் துறையும் செய்ய வேண்டிய வேலை அது, செய்யவும் வேணும். ஆனா எதிர் வீட்டுலயும் கடன் இருக்குன்னு ஏழு வயசுல தெரிஞ்சவன், இருபத்தேழு வயசுல கட்டையைத் தூக்குறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிப்பான்னு நான் முழுசா நம்புறேன். அதுக்குத்தான் தினமும் பஸ் ஏறி வர்றேன்.

அந்த வாரமே வேற ஒரு பாடத்துல மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கிற காலம். "அப்ப மீனுக்கு அம்பேல்!"னு பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒண்ணாச் சிரிச்சாங்க.

செப்டம்பர் 14

சின்னக் குறிப்பு. அம்பேல் சொல்லியே தப்பிச்சுக்கிட்டிருக்கிற பையனை என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு: ஒண்ணும் பண்ணாதீங்க. ரெண்டு நாள்ல மத்தப் பசங்களே ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு அம்பேல்தான்னு சட்டம் போடுவாங்க. எங்க பள்ளியில போட்டாச்சு.

செப்டம்பர் 19

21-ஆம் தேதி உலக அமைதி நாள், இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை. அதனால இன்னைக்கே வச்சுட்டோம். சொற்பொழிவு வேண்டாம்னு தலைமையாசிரியர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். மைதானத்துல ஒவ்வொரு வகுப்பும் தங்களோட விளையாட்டு ஒண்ணை மத்த வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கணும், சட்டதிட்டத்தோட. பல்லாங்குழியில ஒரு தகராறு, பாண்டி ஆட்டத்துல ரெண்டு. எல்லாம் திண்ணைக்குப் போய்த் திரும்பி வந்துச்சு. நடக்கச் சிரமப்படுற பிள்ளை ஒருத்தி எங்க வகுப்புல இருக்கா. ஓடிப்பிடிச்சுல அவளை எப்படிச் சேர்க்கிறதுன்னு அவங்களே பேசி, அவ கையில ஒரு குச்சியைக் குடுத்து, குச்சி பட்டாலும் அவுட்டுன்னு வச்சாங்க. அவ மூணு பேரை அவுட்டாக்கினா.

தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வாங்கித் தரலாமான்னு லாஸ்பேட்டை அம்மா கேட்டிருக்காங்க, இன்னும் ஒரு மாசம்தானே. நான் பிடுங்குற கட்சி இல்லை. துப்பாக்கி கிடைக்காத பையன் துடைப்பக் குச்சியை எடுத்துச் சுடுவான். ஜூன்ல பள்ளி திறந்தப்ப எங்க பசங்க செருப்பை ட்ரோனாக்கிப் பறக்கவிட்டாங்க. பார்த்ததை விளையாடித்தான் அவங்களுக்குச் செரிக்கும். ஆனா மூஞ்சிக்கு நேரா நீட்டக் கூடாது, நாய் பூனையைப் பயமுறுத்தக் கூடாது, யாராவது வேண்டாம்னா அந்த இடத்துலயே நிறுத்தணும். இந்த மூணையும் வாங்குறதுக்கு முன்னாடி கடை வாசல்லயே பேசி முடிச்சுடுங்க. சுருள் கேப்புல நெருப்புப் பொறி தெறிக்கும், நைலான் சட்டை போட்டு விடாதீங்க. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வச்சுக்கங்க.